தட்டு ஏந்தி வந்த மாப்பிள்ளை

அன்புள்ள மகனே,

நீ நடுக்கடலில் இருக்கிறாய், நான் மந்தைவெளியில் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். ஆனாலும் இந்த நிமிடம் ஆடிக்கொண்டிருப்பது நான்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் பிரபாவின் அப்பா அண்ணாச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லப்போகிற ஒரு வார்த்தையைப் பொறுத்துத்தான் பிரபாவை உனக்குக் கொடுப்பாரா மாட்டாரா என்பது இருக்கிறது. நீ எடுத்துக் கொடுத்த சலுகை டிக்கெட்டில் அவரும் பிரபாவும் நானும் உன் கப்பலில் போய்த் திரும்பினோமே, துறைமுகத்தில் இறங்கியபோது அவர் தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு நடந்தார். தூக்க வந்தவரைக் கையசைத்து நிறுத்தினார். டாக்சியில் ஏறும் முன் என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழம வாரேன் மேடம். வந்து சொல்லுதேன்" என்றார். கப்பலில் ஏறும்போது நான் அவருக்குச் சம்பந்தியம்மா, இறங்கும்போது மேடம். மானம் கப்பலேறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; பெட்டி படுக்கையோடு, சலுகைக் கட்டணத்தில், சாப்பாட்டோடு சேர்த்து ஏறும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உனக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. கிடைத்தாலும் "ஒண்ணும் ஆகாதும்மா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அடுத்த கரை வந்ததும் படித்துக்கொள். உன்னோடு வேலை பார்ப்பவர்களுக்குப் படித்துக் காட்டினாலும் எனக்குக் கவலையில்லை. அறைக்குச் சாப்பாடு வரவழைக்கிறவர்கள் யாராவது படித்தால் இன்னும் நல்லது. கதவுக்கு வெளியே நின்றவன் நீ. கதவு மூடிய பிறகு உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதை நான் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் பழைய கதை ஒன்று. உனக்கு ஐந்து வயது இருக்கும். பாண்டி பஜாரில் உனக்குச் செருப்பு வாங்கிவிட்டு ஓட்டலுக்குப் போனோம். சாப்பிட்டு முடித்ததும் பில்லும் மீதிச் சில்லறையும் சோம்புமாக ஒரு சின்னத் தட்டு வந்தது. உன் அப்பா பெரிய நோட்டை எடுத்துக்கொண்டு சில்லறையை விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். நீ சோம்போடு சேர்த்துச் சில்லறையையும் அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். நான் பார்த்தேன். பார்த்து, சிரித்து, "பையன் வசூல் மன்னன்" என்று உன் கன்னத்தைக் கிள்ளினேன். திரும்பி வந்த அப்பா ஒன்றும் சொல்லாமல் உன் கையைப் பிடித்து, பரிமாறியவர் நின்ற இடத்துக்கு அழைத்துப்போய், உன்னை விட்டே அந்தச் சில்லறையை அவர் கையில் கொடுக்கச் சொன்னார். தட்டில் போடாதே, கையில் கொடு, முகத்தைப் பார்த்துக் கொடு என்றார். உன் அப்பா டிப்ஸ் பற்றிச் சொன்னது மொத்தமே அவ்வளவுதான். நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது எல்லாம் வாய்; அவர் கற்றுக்கொடுத்தது கை. உன்னைப் பார்க்கிறபோது நல்லவேளை என்று நினைத்துக்கொள்வேன்.

என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். திருவல்லிக்கேணி லாட்ஜில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த காலத்தில் நான் ஒருத்தியே ஐந்து பேராகப் பேசுவேன். மேனேஜருக்கு அவர் மாமியார் குரலில் போன் போட்டு, "மாப்பிள்ளை, நாளைக்கு வர்றேன், ஒரு மாசம் இருப்பேன்" என்று சொல்லி அவரை வேர்க்க வைத்திருக்கிறேன். ஐம்பது வயது தாண்டியும் போனைக் கண்டால் என் தொண்டை குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்புதான் கப்பலில் உன் கல்யாணத்தின் மேல் கை வைத்தது.

நீ தெளிவாகத்தான் சொல்லியிருந்தாய். "அம்மா, மேல் தளத்துல எப்பவும் சாப்பாடு இருக்கும், அங்கயே சாப்ட்டுக்கோ. ரூம் சர்வீஸுக்கு மட்டும் போன் பண்ணாதே. நாளைக்கு எனக்கு ஓய்வு நேரம் வரும்போது அண்ணாச்சிகிட்ட நானே நேர்ல பேசிக்கறேன்." பேச வேண்டியது எது என்று நம் இருவருக்கும் தெரியும், பிரபாவுக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. "பையன் கப்பல்ல ஹோட்டல் பிரிவுல இருக்கான்" என்று நான் சொன்னேன். பொய் இல்லை. அவர் தானாக அதற்கு ஒரு மேசையும் சுழல் நாற்காலியும் போட்டுக்கொண்டார். நாம் இரண்டு பேரும் அந்த நாற்காலியை நகர்த்தாமல் விட்டோம்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியும் பிரபாவும் என் அறைக்குப் பேச வந்தார்கள். அவர் கடல் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, கடலைப் பார்க்காமல் திரைச்சீலையைத் தடவி, "இது பாலியஸ்டர் கலந்த துணி" என்றார். நல்ல மனநிலையில் இருந்தார். எனக்குள் ஒரு யோசனை வந்தது. பெண் பார்க்கப் போனால் பஜ்ஜியும் சொஜ்ஜியும் ஏந்தி வருவது பெண். இங்கே மாப்பிள்ளை ஏந்தி வந்தால் எப்படி இருக்கும்? எல்லாரும் சிரிப்போம், சிரிப்போடு சிரிப்பாக விஷயமும் உடைந்துவிடும், நீ நாளைக்கு நெளிய வேண்டியதில்லை. அந்த வரிசை அறைகளுக்குத் தட்டு கொண்டுவருவது நீதான் என்று தெரியும், போனை எடுத்தேன். மூக்கால் பேசும் ஒரு சீமாட்டியின் இங்கிலீஷில் டீயும் வெங்காயப் பக்கோடாவும் கேட்டேன். பிரபா என் கையைப் பிடித்து, "அத்தை, வேணாம், வேணாம்" என்று உதட்டசைவிலேயே கெஞ்சினாள். நான் கண்ணடித்தேன்.

தட்டோடு வந்து நீ கதவைத் தட்டினாய். சிரித்துக்கொண்டே திறந்தேன். உன் பின்னால் கோட் போட்ட ஒரு மேற்பார்வையாளர், கையில் அட்டை, காதுக்குப் பின்னால் பேனா. நீ என்னைப் பார்த்த பார்வையில் அம்மா இல்லை. "குட் ஈவினிங் மேடம்" என்றாய். அண்ணாச்சியைப் பார்த்து "குட் ஈவினிங் சார்" என்றாய். அவர் திரைச்சீலையை விட்ட கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நீ குனிந்து கோப்பைகளை வைத்தாய், டீ ஊற்றினாய், ஒரு சொட்டு சிந்தவில்லை. பிரபா தரையையே பார்த்தாள். எனக்கு ஐந்து குரல் உண்டு, ஒன்று கூட வரவில்லை. நீ நீட்டிய சீட்டில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. அதற்குக் கீழே, கூடுதலாக ஏதாவது தர விரும்பினால் என்று ஒரு காலி இடம். அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெற்ற பிள்ளைக்கு அதில் என்ன எழுதுவது? எழுதாவிட்டால் பின்னால் நிற்கிறவர் உன்னைப் பற்றி என்ன எழுதுவார்? நிரப்புவது கட்டாயமில்லை என்று நீ முன்பே சொல்லியிருந்தாய், அது கூட நினைவுக்கு வரவில்லை.

அப்போதுதான் அண்ணாச்சி எழுந்தார். பையிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து உன் முன்னால் நீட்டினார். உன் முகத்தைப் பார்க்கவில்லை, உன் கையைத்தான் பார்த்தார். தி. நகரில் அவருடைய துணிக்கடை வாசலில் என்ன சட்டம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாடிக்கையாளரின் பையைக் காருக்குக் கொண்டுபோய் வைக்கிறவர் ஒரு ரூபாய் கை நீட்டி வாங்கினாலும் மறுநாள் அந்தக் கடையில் அவருக்கு வேலை இல்லை. நீ வாங்கினால் அந்தச் சட்டம். வாங்காவிட்டால் உன் கப்பலின் சட்டம்: கேட்கக் கூடாது, மறுக்கக் கூடாது, எவ்வளவு என்று பார்க்கக் கூடாது. விருந்தினர் நீட்டிய கையை வெறுமனே திருப்பி அனுப்பினால் அது அவரை அவமானப்படுத்துவது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததாக நீயே சொல்லியிருக்கிறாய். அதைப் பார்க்கத்தான் அந்தப் பேனா காதிலிருந்து கைக்கு இறங்கியிருந்தது. நீ வலது கையால் வாங்கினாய். பார்க்காமல் பையில் வைத்தாய். "தேங்க்யூ சார்" என்றாய். கதவு மூடியது.

உனக்குத் தெரிந்தது அதுவரை. இனிமேல் உள்ளே. அண்ணாச்சி உட்கார்ந்தார். பிரபா, "அப்பா, டீ ஆறுது" என்றாள்.

"ஆறட்டும்."

நான்தான் வாயை அடக்காமல், "ஹோட்டல் பிரிவுன்னா ரூம் இல்லாம இருக்குமா அண்ணாச்சி, ரூமுன்னா சர்வீஸ் இல்லாம இருக்குமா" என்றேன். அந்த நகைச்சுவை தரையில் விழுந்து கப்பலோடு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

"என் கடையில கை நீட்டுனவன் மறுநாள் வந்ததில்ல மேடம்" என்றார். அவர் என்னைச் சொன்ன முதல் மேடம் அதுதான்.

"கை நீட்டுனது நீங்கப்பா" என்றாள் பிரபா. "அவரு வாங்கத்தான் செஞ்சாரு."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பேச்சை அவளிடமிருந்து அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. எழுந்து போய்விட்டார். டீக் கோப்பை தொடாமல் அப்படியே இருந்தது. பக்கோடா முழுவதையும் நான்தான் தின்றேன், பயத்தில். அதற்குப் பிறகு கப்பலில் இருந்த நாள் முழுக்க அவர் என் அறைப் பக்கம் வரவில்லை. மேல் தளத்துச் சாப்பாட்டு இடத்திலும் காணோம். "அறையிலயே சாப்பிடறார் அத்தை, என்னை வெளியே போகச் சொல்லிடறார்" என்றாள் பிரபா. உனக்குக் கிடைத்த அந்த ஓய்வு நேரத்தில் நீ போய்க் கதவைத் தட்டியபோதும், "இப்பம் பேச ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டாராம். அது உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தால் அந்தப் போனைக் கடலில் எறிந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், அவர் என்ன சொன்னாலும் சரி. உன் வேலைக்கு இனிமேல் நாம் முக்காடு போட வேண்டாம். யார் கேட்டாலும் ரூம் சர்வீஸ் என்றே சொல்வேன். சாப்பாட்டைச் சூடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் என்று சொல்வேன். நீயும் நாளைக்கு ஏதாவது ஊரில் அறை எடுத்துத் தங்கினால், சேவைக் கட்டணம் பில்லில் இருக்கிறதே என்று கதவை அரைகுறையாகத் திறந்து தட்டைப் பிடுங்கிக்கொள்ளாதே. கொடுக்க நினைத்தால் தட்டு வருவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள். அவரை நிற்க வைத்துப் பையைத் துழாவாதே. தட்டு மூடிக்கு அடியில் ஒளித்து வைக்காதே, அது கொடுத்ததா மறந்ததா என்று எடுப்பவர் தவிக்க வேண்டியிருக்கும். கொடுக்க முடியாதபோது நன்றி சொல், அதையும் அரைவாயில் சொல்லாதே. கொடுத்துவிட்டு அவர் எப்படி வாங்குகிறார் என்று மட்டும் பார்க்காதே. அன்று அந்த அறையில் அதைப் பார்த்துவிட்டேன். அதை விடக் கொடுமை கிடையாது.

கீழே கார் ஹாரன் கேட்கிறது. அவருடையதுதான். அவர் கடை மாதிரியே அந்த ஹாரனும் தள்ளுபடி தராது. மீதி பிறகு.

போய்விட்டார்கள். நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். முடிவைத் தேடிக் கீழே தாவாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

அண்ணாச்சியும் பிரபாவும்தான் வந்தார்கள். உறவுக்காரர்கள் யாருமில்லை, நல்ல சேதி சொல்ல வருகிறவர் நாலு பேரோடு வருவார், வேண்டாம் என்று சொல்ல வருகிறவர்தான் தனியாக வருவார் என்று என் மனசு அடித்துக்கொண்டது. "வாங்க அண்ணாச்சி" என்றேன். "இருக்கட்டும் மேடம்" என்றார். நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். நான் பஜ்ஜி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் ஓடினேன். பிரபா பின்னாலேயே வந்தாள்.

"இன்னாடி சொல்றாரு உங்கப்பா?"

"ஒண்ணுமே சொல்லல அத்தை. வழி பூரா ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தார். நேத்து கடையில கூட யார்கிட்டயும் பேசலையாம்."

அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது. வாழைக்காயை என் கையிலிருந்து வாங்கி அவளே மாவில் தோய்த்துப் போட்டாள். வெந்ததும், "தட்டை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

"வேணாம்டி. தட்டு எடுத்துக்கினு போனா உங்கப்பா ஐந்நூறு ரூபா நீட்டிருவாரு" என்றேன். பயத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் பஜ்ஜித் தட்டை அவள் எடுத்தாள், காப்பியை நான் எடுத்தேன்.

அண்ணாச்சி தட்டைப் பார்த்தார், தொடவில்லை. "அந்த ஐந்நூற மாப்பிள என்ன செஞ்சாரு?" என்று கேட்டார். மாப்பிள என்ற வார்த்தை வாய்தவறி வந்ததா, வேண்டும் என்று வந்ததா என்று எனக்குப் புரியவில்லை.

"பொதுவுல போட்டிருப்பான் அண்ணாச்சி. அவங்களுக்கு ஒரு பெட்டி கீது. அடுப்புல நிக்கிறவங்க, தட்டு கழுவறவங்க, தூக்கினு போறவங்க எல்லாருக்கும் அதுல பங்கு. யாரு வாங்கினாலும் யாரு பாக்கெட்டுக்கும் தனியா போவாது."

"கை நீட்டுதது கேவலம்னு நான் அந்தச் சட்டம் வச்சேன்னு நெனைக்கீங்களா?" என்றார். "அதில்ல. கடை தொடங்குன புதுசுல நான் அனுமதிச்சுத்தான் இருந்தேன். என்னாச்சுன்னா, கார்ல வாரவுக பைக்கு நாலு பேரு ஓடுவான். பஸ்ஸுல வந்த அம்மா பை தரையில கெடக்கும், ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான். ஆளப் பாத்து எட போட ஆரம்பிச்சுட்டானுவ. அப்புறம் துணி கிழிக்கதுலயும் அது வந்துரும். பெரிய ஆளுக்கு ஒரு விரக்கட கூட, சின்ன ஆளுக்கு ஒரு விரக்கட கொறச்சல். அந்தப் புத்தி கைக்கு வந்துட்டா அப்புறம் போவாது. என் மவள அந்தப் புத்திக்காரனுக்கா குடுப்பேன்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டினார்.

"அதனால பாத்தேன். அன்னைக்கு ஐந்நூறு குடுத்தேன்லா, மறுநாள்லேருந்து அவர என் ரூமுக்கே கூப்பிட்டேன். ஒரு தடவ ஒண்ணுமே குடுக்கல, தேங்ஸும் சொல்லல. ஒரு தடவ நாணயத்த மேச மேல வச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். கடைசியா, சூடா இருந்த டீய ஆறிப்போச்சுன்னு திருப்பி அனுப்பினேன்."

"அப்பா" என்றாள் பிரபா. அந்த ஒரு வார்த்தையில் இருந்த கோபத்தை உனக்கு எழுத்தில் காட்ட எனக்குத் திறமை இல்லை.

இதெல்லாம் நடந்திருக்கிறது, நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவன் இன்னா செஞ்சான்?" என்று கேட்டேன். என் குரல் ஐந்தில் எது என்று எனக்கே தெரியவில்லை.

"அதே ரெண்டு தட்டு கதவுல. அதே குட் ஈவினிங். அதே வேகம். கோப்பைக்கு உள்ள ஒரு பூப் போட்டிருக்கும், அந்தப் பூ முங்குத வரைக்கும் டீ. ஐந்நூறுக்கும் அந்தப் பூ வரைக்கும்தான், ஒண்ணும் குடுக்காததுக்கும் அந்தப் பூ வரைக்கும்தான். ஆறிப்போச்சுன்னு சொன்னதுக்கு வேற டீ கொண்டாந்து அதே பூ வரைக்கும் ஊத்துனாரு. முப்பது வருசமா முழம் போடுத கை என்னுது. அளவு மாறுனா எனக்குத் தெரியாம போவாது." பஜ்ஜி ஒன்றை எடுத்தார். "மாறவே இல்ல சம்பந்தியம்மா."

காதில் விழுந்ததா உனக்கு? சம்பந்தியம்மா. நான் காப்பி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். "வெள்ளிக்கெழம நல்ல நாளு. வந்து எம் மவளுக்குப் பூ வச்சிருங்க. மாப்பிள கரைக்கு வந்ததும் தேதி குறிச்சிருவோம்" என்றார். பிரபா அழவில்லை. "நீங்க அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றாள் அப்பாவிடம். "கேக்கேன். அவரு வரட்டும். வந்ததும் ஒரு டீ போட்டுக் குடுக்கேன், என் கையால" என்றார். அவர் தன் வீட்டில் தண்ணீர் கூட மொண்டு குடிக்க மாட்டார் என்று பிரபா சொல்லியிருக்கிறாள். டீ எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் நீ கடைசி வாய் வரைக்கும் குடித்துவிடு.

காப்பியைச் சொட்டு மிச்சமில்லாமல் முடித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று சட்டைப் பையைத் துழாவினார். ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, என் முகத்தை நேராகப் பார்த்து, நீட்டினார். "பஜ்ஜிக்கு" என்றார். அந்த மனிதர் முகத்தில் நான் பார்த்த முதல் குறும்பு அது. நான் வலது கையால் வாங்கினேன், எவ்வளவு என்று பார்க்காமல் முந்தானையில் முடிந்தேன், கப்பலில் நீ சொன்ன அதே குரலில் "தேங்க்யூ சார்" என்றேன். பிரபா படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும் வரை அண்ணாச்சி கீழே இறங்காமல் காத்து நின்றார்.

அவர்கள் போன பிறகுதான் முடிச்சை அவிழ்த்தேன். உங்கள் கப்பல் வழக்கப்படி இது பொதுப் பணம். பஜ்ஜி போட்டு ஏந்தி வந்தவள் பிரபா, காப்பி கலந்தவள் நான், இந்தத் தட்டு வருவதற்குக் காரணமானவன் நீ. பத்தை மூன்றாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வந்து நீயே பிரித்துக் கொடு.

அம்மா